ஏறிப் பார்க்காத மாடி

1993 பங்குனியில் சென்னையில் இரண்டு பஞ்சம் இருந்தது. ஒன்று தண்ணீருக்கு. இன்னொன்று, மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் அரசாங்கம் கொடுத்துத் தீர்க்க வேண்டிய மானியத்துக்காக வீடுகளைப் பார்த்து முடிக்க, நாட்களுக்கு. முதல் பஞ்சம் ஊரறிந்தது. இரண்டாவது பஞ்சத்தைத் தலையில் சுமந்துகொண்டு வெயிலில் அலைந்தவர் பஞ்சாட்சரம் ஒருவர்தான்.

அவர் தி.நகரில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். மொட்டை மாடியில் சூரிய வெப்பத்தில் வெந்நீர் போடும் கருவி வைக்கிறவர்களுக்கு, அதன் விலையில் ஒரு பங்கை அரசாங்கம் திருப்பிக் கொடுத்துவந்தது. கரண்டு மிச்சமாகுமாம். நல்ல திட்டம்தான். நல்ல திட்டம் என்பதாலோ என்னவோ, அந்த வருஷத்தோடு நிறுத்தப் போவதாகத் தில்லியிலிருந்து தாக்கீது வந்துவிட்டது. விண்ணப்பங்கள் மலையாய்க் குவிந்தன. பஞ்சாட்சரம் வீடு வீடாகப் போய், மாடி ஏறி, கருவியைப் பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மானியம். மேலதிகாரி சுந்தரராமன் காலையில் வணக்கத்துக்குப் பதிலாக, "இன்னும் எத்தனை வீடு?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

சான்றிதழில் மூன்றாவது வரி இப்படி இருக்கும்: 'தொட்டிகளின் தாங்கிகள் சுவர்களின் மேல் அமைந்துள்ளன. கூரை எடையைத் தாங்கும் என்பதை நேரில் பார்த்து உறுதி செய்கிறேன்.' மயிலாப்பூர் போன்ற இடங்களை நினைத்து யாரோ புத்திசாலி எழுதிய வரி. அங்கே பழைய வீடுகளின் மாடி கான்கிரீட் அல்ல. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் செங்கல்லை நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசியது. மனிதர்கள் நடக்கலாம், துணி உலர்த்தலாம், காற்று வாங்கலாம். வெந்நீர்த் தொட்டி, அதற்கு மேலே உயரத்தில் குளிர்ந்த நீர்த் தொட்டி, இரண்டுக்கும் இரும்புத் தாங்கி, செங்கல் தூண் என்று ஒரு டன்னுக்குக் குறையாத எடையை அதன் நடுவில் நிறுத்தக் கூடாது. சுவர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் சந்திரமௌலியின் வீடு, அன்றைக்கு ஒன்பதாவது. சந்திரமௌலி தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழே அவரும் மனைவி கோமளமும். மேலே முதல் மாடியில் ஒரு பெண்மணி குடியிருந்து டியூஷன் நடத்துவதாகச் சொன்னார். அதற்கும் மேலே மொட்டை மாடி. பஞ்சாட்சரம் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் காலை வைத்ததும் கோமளம் கூடத்திலிருந்து வேகமாக வந்தார்.

"இப்ப மேல போக முடியாதே. மடியா வடாம் பிழிஞ்சு வெச்சிருக்கேன். மாடி முழுக்கப் பரத்தியிருக்கு. நீங்க பஸ்ல வந்திருக்கேள்."

சந்திரமௌலி சங்கடத்தோடு சிரித்தார். "தப்பா எடுத்துக்கப்படாது. விடியக்காலம்பர ஸ்நானம் பண்ணி, ஈரத்தோட பிழிஞ்சது. என்னையே ஏற விடமாட்டேங்கறா."

"ஒரு நிமிஷம் ஓரமா நின்னு பாத்துட்டு வந்துடறேனே."

"ஓரத்துலதான் ஜவ்வரிசி வடாம்," என்றார் கோமளம். சொன்ன விதத்தில் கோபமில்லை, ஆனால் அதற்குமேல் பேச்சும் இல்லை.

மத்திய அரசின் விதிமுறையை மீறச் சொன்னால் பஞ்சாட்சரம் மீறியிருக்க மாட்டார். ஆனால் இன்னொரு வீட்டு மடி ஆசாரத்தை மிதிப்பது அவரால் ஆகாத காரியம். அவருடைய வீட்டிலும் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாத நாட்கள் உண்டு. அவர் பயந்து வளர்ந்தது அரசாங்கத்துக்கு அல்ல, அம்மாவின் ஜாடிக்கு. போதாக்குறைக்கு மூட்டுவலி வேறு. இன்னும் ஐந்து வீடு பாக்கி. உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட எட்டிப் பார்த்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"தாங்கியெல்லாம் சுவர் மேலதானே நிக்குது?"

"ஃபிட்டர் பாத்துத்தான் வெச்சான். நன்னா பலமா இருக்கு," என்றார் சந்திரமௌலி. அவர் பொய் சொல்லவில்லை. ஃபிட்டர் பார்த்துத்தான் வைத்தான். எதைப் பார்த்து வைத்தான் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

காபி வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் மேல் ஃபைலை வைத்து பஞ்சாட்சரம் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்றைச் சந்திரமௌலியிடம் கொடுத்தார். அந்தத் திட்டத்தில் அவர் போட்ட நூற்றுச் சொச்சம் கையெழுத்துகளில் மாடி ஏறாமல் போட்டது இது ஒன்றுதான்.

ஐந்து நாள் கழித்து, ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருந்த ஃபிட்டர் கோதண்டபாணி ஏதோ ஒரு ரசீதுக்காக அலுவலகத்துக்கு வந்தான். பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

"சார், அந்த சித்திரக்கொளத்தாண்ட வூட்டுக்கு சைன் போட்டியாமே. மெய்யாவே மேல ஏறிப் பாத்தியா?"

"ஏன்?"

"இல்ல, நீ வந்து மாத்தி வெக்கச் சொல்லுவேன்னு நெனச்சேன். செவுத்து மேல வெக்கலாம்னா பக்கத்துல நாலு மாடி ஃபிளாட்டு எழுப்பிக்கினுகீறான். ஒரே நெயலு. வெய்யில் வுழுற எடம் நடு மாடிதான். அய்யரு அங்கயே வையின்னாரு. அடில கட்ட இன்னா கதில கீதுன்னு எனக்குத் தெரியாது சார். டிரில்லு போட்டப்போ மரத்தூளு மாவாட்டம் வந்துச்சு."

பஞ்சாட்சரம் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்பவே சொல்றதுக்கென்ன?"

"கவர்மெண்டு ஆளு வந்து பாப்பாருன்னு சொன்னாங்க," என்றான் கோதண்டபாணி.

ஃபைல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். முந்தின நாளே மேலிடத்துக்குப் போய்விட்டது. திருப்பி வாங்க வழி ஒன்றே ஒன்றுதான். 'நான் நேரில் பார்க்காமல் சான்றளித்தேன், ரத்து செய்யவும்' என்று அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அந்த ஒரு வரி போதும், இருபத்தொன்பது வருஷ சர்வீஸைத் துடைத்துப் போட. காகிதத்தை எடுத்து வைத்தார். பேனாவைத் திறந்தார். முதலில் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதலாம் என்று மூடினார்.

மறுநாள் சாயந்திரம் சித்திரக்குளத்துக்குப் போனபோது மாடியில் வடாம் இல்லை. கோமளம் தடுக்கவில்லை. பஞ்சாட்சரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

கோதண்டபாணி சொன்னது சரி. தளத்தின் நட்டநடுவில் நான்கு செங்கல் தூண்கள். அவற்றின் மேல் இரும்புச் சட்டம், அதில் வெள்ளி நிறத்தில் வெந்நீர்த் தொட்டி, அதற்கும் மேலே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. தூண்களைச் சுற்றித் தளம் லேசாகக் குழிந்திருந்தது, சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தேய்ந்த தட்டு மாதிரி. குழிவின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு வெடிப்பு வட்டமாக ஓடியது. அவர் வெடிப்புக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். காலை எடுத்து அந்தப் பக்கம் வைக்கத் தைரியம் வரவில்லை. அங்கே கிடந்த ஒரு கம்பால் எட்டிக் கறுப்புத் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பாதிகூடத் தண்ணீர் இல்லை. இந்த ஊரில் எவன் வீட்டுத் தொட்டி நிறைந்திருக்கிறது? இந்தக் கூரை இன்னும் நிற்பதே தண்ணீர்ப் பஞ்சத்தின் தயவில்தான் என்று அவருக்குப் புரிந்தது. ஊரே மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்க, தண்ணீர் வந்துவிடக் கூடாதே என்று பயந்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

கீழே இறங்கிச் சந்திரமௌலியிடம் சொன்னார். "தொட்டியை உடனே சுவர்ப் பக்கம் நகர்த்தணும் சார். நடுவுல இருக்கக் கூடாது."

"நகத்தினா வெயில் விழாதே. வெயில் விழலேன்னா வெந்நீர் எங்க வரும்? அதோட, எடம் மாறினா மறுபடியும் இன்ஸ்பெக்ஷன்னு சொல்லுவேள். நாளையோட ஸ்கீம் முடியறது. மானியம் போயிடும்." சந்திரமௌலி நிதானமாகவே பேசினார். "நீங்கதானே பாத்து ஸைன் பண்ணேள். ஒரு வாரத்துல என்ன ஆயிடுத்து?"

பதில் ஒன்று இருந்தது. நான் பார்க்கவில்லை என்பதுதான் அது. பஞ்சாட்சரம் அதைச் சொல்லவில்லை. "புதுசா எடை ஏறியிருக்கு, அதான்," என்று மென்று விழுங்கினார்.

"அறுபத்துமூவர் உத்ஸவம் முடியட்டும். ஊர்லேந்து மனுஷா வரா. அப்புறம் பாத்துக்கலாம்."

வாசல் வரை வந்தவருக்கு மேலே குழந்தைகளின் குரல் கேட்டது. திரும்பவும் படியேறி, முதல் மாடிக் கூடத்தின் வாசலில் நின்றார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக இருபது பேருக்குக் குறையாது, பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே தேக்குக் கட்டைகள். நடுவில் இருந்த மூன்று கட்டைகள் கீழ்நோக்கி வளைந்திருந்தன. முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், நோட்டுப் புத்தகத்தில் விழுந்த சுண்ணாம்புப் பொடியை வாயால் ஊதிவிட்டுத் தொடர்ந்து எழுதினாள். அதை அவள் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

டியூஷன் நடத்தும் ஸ்ரீரஞ்சனி எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையெல்லாம் சாக்குக்கட்டித் தூள். பஞ்சாட்சரம் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்கதானா சார் கையெழுத்துப் போட்டது? கீழ மாமா காட்டினார். சார், நான் ரொம்பப் பயந்துண்டிருந்தேன். தொட்டி வெச்ச அன்னிலேந்து பொடியாக் கொட்டிண்டிருக்கு. வேற எடம்கூடப் பாத்துட்டேன், லஸ் கிட்ட ஒரு ஹால். அட்வான்ஸ் குடுக்கக் கிளம்பினேன். அன்னிக்குத்தான் மாமா உங்க பேப்பரைக் காட்டினார். கவர்மெண்ட் இன்ஜினியரே மேல ஏறிப் பாத்து எழுதியிருக்கார், இதுக்கு மேல என்னம்மா வேணும்னார். அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்தது."

பஞ்சாட்சரம் அண்ணாந்து அந்த வளைந்த கட்டைகளைப் பார்த்தார். அவர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே இந்தப் பிள்ளைகள் இப்போது லஸ்ஸில் இருந்திருப்பார்கள். தன் கையெழுத்துதான் இவர்களைப் பிடித்து இழுத்து வந்து இந்தக் கட்டைகளுக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறது.

சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஐந்தே வார்த்தை. அம்மா, நான் மேலே ஏறிப் பார்க்கவில்லை. இருபது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லம்மா," என்றார். "எதுக்கும் அந்த ஹாலுக்கே மாத்திக்கிட்டா நல்லது."

"ஏன் சார், ஏதாவது பிரச்சினையா?"

"அப்படி ஒண்ணும் பெரிசா இல்ல. பழைய வீடு. ஒரு ஜாக்கிரதைக்குச் சொல்றேன்."

அவள் முகத்தில் வந்த கவலை அந்தப் பதிலில் கரைந்து போனது. அவர் கண்ணெதிரேதான் கரைந்தது. "இன்னும் பத்து நாள்ல கணக்குப் பரீட்சை சார். இப்பப் போய் எடம் மாத்தினா பாதிப் பேர் வரமாட்டா. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மாத்திடறேன். நீங்க வந்து சொன்னதே பெரிசு." திரும்பி அந்த இரட்டைப் பின்னல் பெண்ணைப் பார்த்து, "ஹம்சினி, சாருக்குத் தண்ணி கொண்டு வா," என்றாள்.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பஞ்சாட்சரம் குடித்தார். "சரிம்மா, பரீட்சை முடிஞ்சதும் மாத்திடுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மாடி நடுவில் குழி விழுந்ததைக் கண்ணால் கண்டவர், கட்டை வளைந்ததைப் பார்த்தவர், சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தார். பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பத்து நாள்தானே. தொட்டியில் தண்ணீர் ஏது? ஊருக்கே தண்ணீர் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த ரத்துக் கடிதத்தை எழுத உட்கார்ந்தார். முப்பத்தொன்றாம் தேதி முடிந்தது, அவர் எழுதவில்லை. ஒன்றாம் தேதி இனி எழுதி என்ன பயன் என்று தோன்றியது. தினமும் காலையில் பேப்பர் வந்ததும் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தை முதலில் புரட்டினார். சோறு இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று மனைவி வைதேகி கேட்டதற்கு வெயில் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேற்கு மாம்பலத்துத் தெருமுனையில் வைதேகி இரண்டு பிளாஸ்டிக் குடங்களுடன் லாரிக்குக் காத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

"லாரியெல்லாம் மயிலாப்பூருக்குத் திருப்பி விட்டுட்டாங்களாம். உற்சவமாம். அங்க வீட்டுக்கு வீடு குழாயைப் போட்டு ரொப்பறாங்களாம், டேங்க் வழிய வழிய. கொடுத்து வெச்சவங்க."

பஞ்சாட்சரம் சட்டையை மாட்டியது தெரியாது. பித்தான் போடாமலே தெருவில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை. பஸ் வரவில்லை. ஓர் ஆட்டோவை மறித்து ஏறினார். உற்சவக் கூட்டத்தில் ஆட்டோ லஸ்ஸுக்கு மேல் நகரவில்லை. இறங்கி நடந்தார். வழியெல்லாம் தண்ணீர் லாரிகள் நின்றன. குழாய்கள் வீடுகளுக்குள் வளைந்து வளைந்து ஏறியிருந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டு வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் மூட்டுவலியை மறந்து ஓடினார். சந்து முனையை அடைந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமல்ல. லாரியிலிருந்து செங்கல் கொட்டினால் எப்படியோ, அப்படி. அதற்குப் பிறகு தண்ணீர் விழும் சத்தம். அதற்கும் பிறகுதான் பிள்ளைகள் கத்தினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் மாதிரித் தேர்வு வைப்பது ஸ்ரீரஞ்சனியின் வழக்கம். அன்றைக்கு வந்தது பதினெட்டுப் பேர். சுவரோரம் உட்கார்ந்தவர்கள் தப்பினார்கள். ஆறு பேருக்கு எலும்பு முறிந்தது. முன்வரிசையில், நடுவில் உட்கார்ந்திருந்தவள் ஹம்சினி. அவளைச் செங்கல்லுக்கு அடியிலிருந்து எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. உயிர் இல்லை. எடுத்த கைகளில் இரண்டு பஞ்சாட்சரத்தினுடையவை.

மே மாதம் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர். மெதுவாகப் பேசினார், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கோதண்டபாணி வந்து, தொட்டியை வைத்ததோடு தன் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனான். சந்திரமௌலி மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் அழுதார். கோமளம் வரவே இல்லை. ஹம்சினியின் அப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து, பேசுகிறவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஞ்சாட்சரம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வந்திருந்தார். இந்தத் தடவை சத்தியமாகத் தீர்மானித்திருந்தார். ஒரு மாதமாகத் தூங்காதவருக்கு வேலை போவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் ஸ்ரீரஞ்சனியைக் கூப்பிட்டார்கள். அவளுடைய வலது கையில் மாவுக்கட்டு.

"இந்த அதிகாரியை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்." அவள் பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "இவர் சர்ட்டிஃபிகேட் குடுத்ததோட விட்டுடலை சார். மனசு கேக்காம மறுபடியும் வந்து, மேல ஏறிப் பாத்துட்டு, எங்கிட்டயும் வந்து எடத்தை மாத்திடுங்கோன்னு சொன்னார். எந்த ஆபீஸர் சார் அப்படி வந்து சொல்லுவா? நான்தான் கேக்கலை. பரீட்சை முடியட்டும்னேன். இவர் அவ்வளவு சொல்லியும் நான்தான் குழந்தைகளை அங்கயே உக்கார வெச்சேன்."

ஹம்சினியின் அப்பா தலையைத் திருப்பி, அன்றைக்கு முதல் தடவையாக, ஸ்ரீரஞ்சனியைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

விசாரணை அதிகாரி எழுதி முடித்து நிமிர்ந்தார். "மிஸ்டர் பஞ்சாட்சரம், இந்தம்மா சொல்றது சரிதானே? நீங்க நேர்ல போய் எச்சரிச்சிருக்கீங்க?"

ஸ்ரீரஞ்சனி அவரைப் பார்த்து, ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் தலையசைத்தாள். அவள் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆமாம் சார்," என்றார் பஞ்சாட்சரம்.

"அவங்க கேக்கலை?"

பஞ்சாட்சரம் தரையைப் பார்த்தார். பிறகு, "கேக்கலை சார்," என்றார்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டு, காகிதத்தைத் திருப்பி, கையெழுத்துக்காக அவர் பக்கமாக நகர்த்தினார்.